முதலில் எடுங்கள், பிறகு சுருக்குங்கள்

டிவிடியில் இருக்கும் படத்தைக் கணினிக்கோ கைபேசிக்கோ மாற்ற எளிய மென்பொருள் எது என்று கேட்கிறவர்கள் இன்னமும் நிறையப் பேர். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி ஓட்டும் வசதியும் கூடவே வருவதில்லை. ஆனால் அலமாரியில் கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் என்று எழுதிய டிஸ்க்குகள் அப்படியே கிடக்கின்றன. இந்தக் கேள்விக்கு, ஒரே பொத்தானில் எல்லாம் முடிக்கும் மென்பொருளைத்தான் பலரும் பதிலாகச் சொல்கிறார்கள். பல டிஸ்க்குகளை மாற்றிப் பழகிய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. தவறு நேர்ந்தால் திரும்பிப் போக வழி வைக்கும் முறைதான் எளிய முறை. அதற்குச் சுருக்கமான விதி ஒன்று போதும்: டிஸ்க்கில் இருப்பதை முதலில் மாற்றமில்லாமல் எடுத்து வையுங்கள், சுருக்கும் வேலையைப் பிறகு தனியாகச் செய்யுங்கள்.

ஏன் என்று புரிய, டிஸ்க்கைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டர். அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்று மூன்று வகைக் கோப்புகள். படமும் ஒலியும் இருப்பது விஓபியில். ஒரு விஓபி ஒரு ஜிபிக்கு மேல் வளராது என்பதால், இரண்டு மணி நேரக் கல்யாணம் நாலைந்து துண்டுகளாகத் தெரியும். எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி, எங்கே எந்தக் காட்சி என்ற கணக்கை வைத்திருப்பது ஐஎஃப்ஓ. பியூபி அதன் நகல். இது தெரியாமல் ஒவ்வொரு விஓபியையும் தனித்தனியாக மாற்றினால், ஒட்டும் இடத்தில் ஒலி தடுக்கும், தாலி கட்டும் நேரத்தில் படம் துள்ளும். ஃபோல்டரை முழுதாகக் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் பொதுவாகப் பூட்டு இருக்காது; அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தாலே எடுக்கும் வேலை முடிந்தது. பழைய விசிடி என்றால் இன்னும் சுலபம்: ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் உள்ள டாட் கோப்பை நகலெடுங்கள், விஎல்சி பிளேயர் அதை அப்படியே ஓட்டும். ஃபோல்டராக வேண்டாம், ஒரே கோப்பாக வேண்டும் என்பவர்களுக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள் இருக்கிறது. அது படத்தை மறுபடி சுருக்குவதில்லை. இருக்கும் படம், ஒலிகள், சப்டைட்டில்கள் எல்லாவற்றையும் எம்கேவி என்ற புதிய உறைக்குள் வைக்கிறது. டிவிடிக்கு அது காசு கேட்பதுமில்லை.

சுருக்குவது வேறு வகை வேலை. டிவிடியில் உள்ள படம் எம்பெக்-2 முறையில் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. அதைப் பிரித்து எச்.264 என்ற வேறு சுருக்க முறைக்கு மாற்றும்போது கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. கேம்கார்டரில் எடுத்த பல கல்யாண வீடியோக்களில், ஒரு ஃபிரேம் என்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பிடித்த இரண்டு பாதிகள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி அவற்றை மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினித் திரையில் நிறுத்திப் பாருங்கள். மணப்பெண் திரும்பும் நொடியில் பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். இதைச் சரிசெய்யாமல் மாற்றினால் அந்தப் பற்கள் புதிய கோப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒற்றைப் பொத்தான் மென்பொருள் இதைக் கவனித்ததா என்று வேலை முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் டிஸ்க் குப்பைக்குப் போயிருந்தால் என்ன செய்வது?

சுருக்க நான் சொல்வது ஹேண்ட்பிரேக். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல் பார்வைக்குப் பட்டன்கள் அதிகம், ஆனால் தொட வேண்டியவை நாலுதான். டைட்டில் பட்டியலில் நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடமே ஓடுபவை பெரும்பாலும் மெனுவும் விளம்பரமும். ஃபில்டர்ஸ் பகுதியில், அந்தச் சீப்புப் பல்லைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் இயங்குகிறதா பாருங்கள். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18க்கும் 22க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். வேண்டிய ஒலியும் சப்டைட்டிலும் சேர்ந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழுப் படத்தைக் கொடுங்கள்.

இது இரட்டை வேலை, இடமும் அடைக்கும் என்பார்கள். ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் நிரம்பிய இரட்டை அடுக்கு டிஸ்க்குகளே நூற்றுக்கு மேல் கொள்ளும். ஒரு வீட்டின் அலமாரிக்கு அது தாராளம். டிவிடியை 1080பி எச்டி ஆக்கித் தரும் மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்பதுண்டு. நம் ஊர் முறைப்படி டிவிடிப் படம் 720 பெருக்கல் 576 புள்ளி, சுமார் 4 லட்சம். 1080பி என்பது 20 லட்சத்துக்கும் மேல். ஐந்தில் நாலு புள்ளி மென்பொருள் ஊகித்து நிரப்பியதாகவே இருக்கும். கோப்பு பெருக்கும், டிஸ்க்கில் இல்லாத முகபாவம் எங்கிருந்தும் வராது. பணம் கேட்கும் மாற்றிகள் பலவற்றின் இலவசப் பதிப்போ, சில நிமிடத்தோடு நின்றுவிடும் அல்லது படத்தின் மேல் தன் பெயரை அச்சடித்துவிடும்.

இன்னொரு கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது, மேக்எம்கேவி திறக்கும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் விதி இன்னும் கடுமை. காசு கொடுத்து வாங்கியதை உங்கள் வீட்டுக்குள் பார்ப்பதோடு நிறுத்துங்கள்; அந்தக் கோப்பைப் பிறருக்கு அனுப்புவது, ஏற்றுவது எதுவும் வேண்டாம். சினிமா எல்லாம் ஓடிடியிலேயே கிடைக்கிறதே என்பதும் ஓரளவு உண்மைதான். அப்படிக் கிடைக்கும் படத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். உங்கள் வீட்டு அரங்கேற்றம் எந்த ஓடிடியிலும் வராது.

எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது என்ற வரிசையைத் தீர்மானிப்பதும், வேறெங்கும் கிடைக்காது என்ற அந்தக் காரணமே. அதோடு, எழுதும் டிஸ்க்கில் தகவல் தங்குவது ஒரு சாயப் படலத்தில், வெயிலும் வெப்பமும் அதை மங்கவைக்கும். கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் அச்சில் வார்த்தது, அது காத்திருக்கும்; கையெழுத்தில் பெயர் எழுதிய டிஸ்க்குகளை முதலில் எடுங்கள். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்துப் போடுங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் இன்னொன்றில் முயலுங்கள். எடுத்ததைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்திலாவது ஓட்டிப் பார்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சுருக்குவதை அடுத்த மாதம்கூடச் செய்யலாம், பிடிக்காவிட்டால் மறுபடி செய்யலாம். எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது.