ஒரே பெயரில் ரெண்டு ஓட்டல்: பெயர் யாருக்குச் சொந்தம்?

கோவையில் இருந்துகொண்டு உங்கள் போனில் "கொங்கு மெஸ்" என்று தேடிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் வரும். சிலவற்றின் முன்னால் 'ஸ்ரீ' இருக்கும், சிலவற்றில் 'நியூ', சிலவற்றில் 'ஒரிஜினல்'. உள்ளே போய், "ஏனுங்க, இது அந்தக் கடையோட பிராஞ்சுங்களா?" என்று கேட்டால், "நம்ம கடைதானுங்க" என்று பதில் வரும். அந்த 'நம்ம' யார் என்பதுதான் கேள்வி. சாப்பிடப் போகிறவருக்கு அது ஒருவேளைச் சாப்பாட்டு விஷயம். கடை போடப் போகிறவருக்கோ போட்ட முதல், பல வருடப் பெயர், நாளைக்கு வரக்கூடிய வக்கீல் நோட்டீஸ் எல்லாமே அதில் இருக்கிறது.

'கோவை', 'கொங்கு', 'மெஸ்', 'பிரியாணி' போன்ற சொற்கள் தனியாக யாருக்கும் சொந்தமில்லை. ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் வைத்து வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க் கேட்டால், 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி பொதுவாகக் கிடைக்காது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் ஒரே கடையைத்தான் குறிக்கிறது என்று நிரூபித்தால் அது வேறு கதை. ஆகவே தகராறு பெரும்பாலும் வருவது, பெயரில் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

அப்படி ஒரு சொல்தான் 'இருட்டுக்கடை'. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கலான வெளிச்சத்தில் அல்வா விற்ற கடைக்கு மக்களே வைத்த பெயர் அது. பெயர் புகழ் பெற்ற பிறகு, வேறொருவர் 'திருநெல்வேலி' என்பதை முன்னால் சேர்த்து அதே பெயரில் அல்வா விற்றார். தன் பெயருக்குப் பதிவும் வாங்கியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. "நானும் பதிவு செய்தவன், அவர்களும் பதிவு செய்தவர்கள், பதிவு உள்ள இருவரில் ஒருவர் மற்றவரைத் தடுக்க முடியுமா?" என்பதுதான் அவர் தரப்பு வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு, யார் முதலில் பயன்படுத்தி அந்தப் பெயருக்கு நல்லெண்ணத்தைச் சம்பாதித்தார்களோ அவர்களுடைய உரிமை பதிவைவிட மேலானது என்றது. பழைய கடைக்கே வெற்றி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பதிவு என்பது நல்ல வேலி. ஆனால் வேலி போட்டதால் மட்டும் தோட்டம் நம்முடையது ஆகிவிடாது. இன்னொருவர் வருடக்கணக்கில் உழுத நிலத்தில் வேலி போட்டால் அவர் கோர்ட்டுக்கு வரத்தான் செய்வார்.

பிரியாணியிலும் இதே கதை உண்டு. 1957-இல் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்று தொடங்கிய கடையைத் தொடங்கியவர் கட்டியிருந்த தலைப்பாகையே அதற்குத் 'தலப்பாகட்டி' என்ற பெயரை வாங்கித் தந்தது. பின்னர் 'தலப்பாகட்டு' என்று ஒரு எழுத்து மாறி வேறு பலகைகள் கிளம்ப, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒரு எழுத்தை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நம்மூரில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றம் ரெண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எண்ணுவதில்லை. சாதாரண ஆள், அரைகுறை ஞாபகத்தோடு வந்தால் ஏமாறுவாரா என்றுதான் பார்க்கிறது.

சாமி பெயர் வைத்தால் என்ன? கொங்குப் பகுதியில் இது ரொம்ப முக்கியமான கேள்வி. கர்நாடக அரசுக் கூட்டுறவின் 'நந்தினி' பால் 1985 முதல் இருக்கிறது. பெங்களூரில் 'நந்தினி டீலக்ஸ்' உணவகம் 1989-இல் வந்தது. உணவகம் பதிவு கேட்டபோது பால் கூட்டமைப்பு எதிர்த்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. நந்தினி என்பது தெய்வத்தையும் புராணப் பசுவையும் குறிக்கும் பொதுவான பெயர், பால் வேறு, ஓட்டல் தொழில் வேறு, சின்னத்தின் தோற்றமும் வேறு என்பவை காரணங்கள். பால், பால்பொருட்களுக்கு மட்டும் அந்தப் பெயரை உணவகம் கேட்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, "அன்னபூர்ணாவும் சாமி பெயர்தானே, நாமும் வைக்கலாம்" என்று கோவையில் டிபன் கடைக்குப் பலகை எழுதிவிடாதீர்கள். அதே ஊர், அதே தொழில், அந்தப் பெயரைச் சொன்னாலே சாம்பார் ஞாபகம் வரும் அளவுக்குப் பழகிய வாடிக்கையாளர்கள். நந்தினி வழக்கில் இருந்த எந்தச் சாதகமும் இங்கே உங்களுக்குக் கிடையாது.

"ஜிஎஸ்டி எடுத்தாச்சு, உத்யம் பதிவும் இருக்கு, அப்புறம் என்னங்க?" என்பார்கள். ஜிஎஸ்டி வரிக்காக, உத்யம் சிறுதொழில் அடையாளத்துக்காக, உணவுப் பாதுகாப்பு உரிமம் சமையலறைக்காக. கம்பெனி பதிவுகூடப் பெயரின் வணிக உரிமையைத் தராது.

பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் வணிகச் சின்னங்களுக்கான பொதுத் தேடல் இருக்கிறது, கட்டணம் இல்லை. உணவகச் சேவை 43-ஆம் வகுப்பு. மசாலா, இனிப்பு என்றால் 30-ஐயும், இறைச்சி, ஊறுகாய் என்றால் 29-ஐயும் பாருங்கள். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிற்காமல், ஒலியை வைத்துத் தேடும் 'ஃபொனெடிக்' முறையையும் தேர்ந்தெடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம் அல்லவா. பிறகு கூகுள் மேப்பிலும் உணவு டெலிவரி ஆப்களிலும் ஒரு பார்வை. பதிவே இல்லாத பழைய கடைக்கும் உரிமை இருக்கலாம்.

பெயர் காலியாக இருந்தால் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. டிஜிட்டல் கையொப்பம் தேவை. ஏற்கப்பட்ட விண்ணப்பம் வணிகச் சின்னங்கள் இதழில் வெளியாகும். அதிலிருந்து 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சாப்பிடப் போகிறவருக்கு இவ்வளவு வேலை இல்லை. பில்லைப் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவக பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருந்தே ஆக வேண்டும். அதை உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். டெலிவரி ஆப்பில் கடையின் பக்கத்தில் கடைசி வரை கீழே போனால் அதே எண் கிடைக்கும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் அதன் சட்டப்பூர்வப் பெயரையும் பார்க்கலாம். ரெண்டு கடையிலும் உரிமையாளர் வேறு வேறு என்றால் அது போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முறையாக ஃபிரான்சைஸ் எடுத்தவராகவும் இருக்கலாம். பெரிய கடையின் சொந்தத் தளத்தில் கிளைப் பட்டியல் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். கிளை என்று பொய் சொல்லி விற்றது உறுதியானால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசியாக, ரொம்ப நாளாகக் கடை நடத்தியும் பெயரைப் பதிவு செய்யாதவர்களுக்கு. பழைய பில் புத்தகம், மளிகைக் கணக்கு, முதல் கரண்ட் பில், திறப்பு விழா நோட்டீஸ், தேதியோடு இருக்கும் போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்துச் சேமியுங்கள். வேறொருவர் உங்கள் பெயரைப் பதிவு செய்து கடை நடத்துவது தெரிந்தும், தொடர்ந்து 5 ஆண்டு சும்மா இருந்தால், பிறகு தடுப்பது கடினம். பதிவு இல்லாவிட்டாலும், ஒருவர் தன் சரக்கை உங்கள் சரக்கு என்று நம்பவைத்து விற்கிறார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, எந்த வருடத்திலிருந்து இந்தப் பெயரில் விற்கிறீர்கள், அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான்.