வரைவு வந்தவுடன் பேசுங்கள்: தொழில்நுட்பச் சட்டங்களில் மாணவர் குரல் சேர ஆறு படிகள்

செல்போன் தொடர்பான விதிகள் டெல்லியிலும் சென்னையிலும் எழுதப்படுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, கடலோரக் குப்பங்களில் அதே செல்போன் எப்படிப் புழங்குகிறது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது விதி எழுதுபவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, தமிழக அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. ஆகஸ்டில் பெற்றோர், ஆசிரியர், மாணவர், இளைஞர் எனப் பல தரப்பிடமும் கருத்துக் கேட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்தன. அக்டோபரில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் மசோதா நிறைவேறியது; 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. இப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாமல் நம்மில் பலர் இருந்துவிடுகிறோம்.

கேளம்பாக்கம், காலவாக்கம், காட்டாங்கொளத்தூர் எனச் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கல்லூரிகள். ஐந்து மாணவர்கள் சேர்ந்தால் போதும். வரைவைப் படித்து, ஊரில் விசாரித்து, கடிதம் எழுதுவது மூன்று வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

1. ஒரே ஒரு வரைவை எடுங்கள்

மத்திய அரசின் வரைவுகள் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது 2014-இல் வகுக்கப்பட்ட கொள்கை. மத்திய அரசின் மைகவ் தளத்தையும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியாகின. கருத்துச் சொல்ல மார்ச் 5 வரை நேரம் கிடைத்தது. பழகிப் பார்க்க அந்த வரைவையே எடுத்துக்கொள்ளலாம்.

2. ஊரில் போய்க் கேளுங்கள்

பட்டிபுலத்தில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தம்பி, ஓடிபி வந்திருக்கு பாருடா” என்று போனை நீட்டுகிறார். ஜிபே, வங்கிக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அந்த வீட்டில் பார்த்துக்கொள்வது பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவோ, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்டு அம்மாவின் போனுக்குச் செய்தி வரும். ‘சரி’ என்று அழுத்தப்போவது மகனின் விரல்!

இதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். உங்கள் தெருவில் இருபது வீடுகளில் விசாரியுங்கள். எத்தனை வீட்டில் இந்த நிலை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம்.

3. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

2015-இல், எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலைக்காக டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. நாடே திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டின் இறுதியில், குறிப்பிட்ட தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகவும் லட்சக்கணக்கான ஒரே மாதிரிக் கடிதங்கள் போயின. தான் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு டேட்டா கட்டணம் வைப்பதற்குத் தடை விதித்தது.

ஆகவே, “சிறுவர்களைக் காக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். பிரிவு எண், அதனால் எங்கள் ஊரில் வரும் சிக்கல், நாங்கள் கேட்கும் திருத்தம் என மூன்றே பத்தி எழுதுங்கள். உதாரணமாக: “ஒப்புதல் கேட்கும்போது அதைத் தமிழில் ஒலியாகவும் சொல்ல வேண்டும் எனச் சேர்க்க வேண்டும்.”

4. தமிழில் எழுதுங்கள்

ஒப்புதல் கோரிக்கையை எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே தருகிறது. தமிழில் எழுதி, மத்திய அரசுக்குப் போவதென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள்.

5. கிராம சபையில் வையுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். வயது நிரம்பாதவர்கள் கோரிக்கையை எழுதி அம்மா கையில் கொடுத்தனுப்பலாம். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலைக் கடிதத்தோடு சேருங்கள். ஐந்து மாணவர்களின் கடிதம் அப்போது ஓர் ஊரின் கடிதமாகிவிடும்.

6. பின்தொடருங்கள்

வந்த கருத்துகளின் சுருக்கத்தை அரசு வெளியிட வேண்டும் என்றும் அதே 2014 கொள்கை சொல்கிறது. வெளியிடாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கடிதத்தைக் கல்லூரி மலரில் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு அது கைகொடுக்கும்.

தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் இறுதியாகிவிட்டன. ஆனாலும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு எழுதுங்கள். இன்று மாலை முதல் வீட்டின் கதவைத் தட்டுங்கள்.