கடல் கடந்தாலும் கணக்கு நம் கையில்



நம் ஊர்ப் பெண்களில் சிலர் வீட்டு வேலைக்காகக் குவைத், சவுதி, ஓமன், துபாய் என்று போகிறார்கள். மகளின் பிரசவம் பார்க்கச் சிங்கப்பூர், மலேசியா போய் வருகிறவர்களும் உண்டு. குழுவில் கடன் வாங்கித்தான் பலர் கிளம்புகிறார்கள். ஆகவே இது ஒரு வீட்டு விஷயம் மட்டும் அல்ல. நம் எல்லோருடைய சேமிப்பும் அதில் இருக்கிறது.

குழுவில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? 100 ரூபாய் சந்தா கட்டினாலும் பாஸ்புக்கில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எழுந்திருக்கிறோம். ஆனால் வெளிநாட்டுப் பயணம் என்று வந்துவிட்டால், இதே நாம் ஆயிரக்கணக்கில் ஏஜெண்டு கையில் சும்மா கொடுத்துவிடுகிறோம். "ரசீதெல்லாம் எதுக்குக்கா, நான் பாத்துக்கறேன்" என்ற ஒரு வார்த்தை நமக்குப் போதுமாக இருக்கிறது.

இந்த மாதப் பாடம் இதுதான்: பணம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் நம் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

எங்கே மாற்றுவது?

வங்கியில், அல்லது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்தில் மட்டுமே மாற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் எடுத்துப் போங்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கலாம். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கொடுத்து மாற்றலாம். அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டு போகலாம்.

கடைப் பலகையில் இரண்டு விலை இருக்கும். நமக்கு விற்கிற விலை கூடுதல், நம்மிடம் வாங்குகிற விலை குறைவு. சந்தையில் காய் வாங்கி விற்கிற நமக்கு இது புதிதல்ல. கணக்குக்காக ஒரு கடையில் ஒரு திர்ஹாம் 25 ரூபாய், இன்னொரு கடையில் 26 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 திர்ஹாம் வாங்கினால் வித்தியாசம் 1,000 ரூபாய்! விமான நிலையத்தில் பெரும்பாலும் விலை கூடுதலாகவே இருக்கும். சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. வேறு உண்டு. எனவே விலையை மட்டும் கேட்காதீர்கள். "எல்லாம் போக என் கைக்கு எத்தனை வரும்?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்து, பில் வாங்கிய பிறகே நகருங்கள்.

காசைத் தெரிந்துகொள்வோம்

துபாயில் ஒரு திர்ஹாமுக்கு 100 ஃபில்ஸ். சவுதியில் ஒரு ரியாலுக்கு 100 ஹலாலா. ஆனால் குவைத்தில் ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ், ஓமனில் ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. துபாயில் 100 ஃபில்ஸ் என்றால் முழு திர்ஹாம். குவைத்தில் 100 ஃபில்ஸ் என்றால் தினாரில் பத்தில் ஒரு பங்குதான். இது தெரியாவிட்டால் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது ஏமாறுவோம்.

பழைய நோட்டிலும் கவனம் வேண்டும். குவைத் 2014-இல் புதிய நோட்டுகளை வெளியிட்டது. அதற்கு முந்தைய நோட்டுகள் இப்போது செல்லாது. "பழைய தினார் இருக்கு, பாதி விலைக்குத் தரேன்" என்றால் வாங்காதீர்கள்.

எப்படி எடுத்துப் போவது?

மொத்தப் பணத்தையும் ஒரே பையில் வைக்கக் கூடாது. வழிச்செலவுக்குக் கொஞ்சம் கைப்பையில் இருக்கட்டும். பெரும்பகுதி உடம்போடு ஒட்டிய துணிப்பையில் இருக்கட்டும். அவசரத்துக்குக் கொஞ்சம் தனியாக ஓர் இடத்தில் இருக்கட்டும். விமானத்தில் தனியாகப் போட்டுவிடுகிற பெட்டிக்குள் பணம் வைக்கவே வேண்டாம். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று உங்களிடமும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இந்திய ரூபாயை 25,000 வரை கொண்டு போகலாம். திரும்பி வந்து இறங்கும்போது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்படி கொஞ்சம் வைத்திருங்கள்.

"இந்தக் கவரை மட்டும் அங்க ஒருத்தர்கிட்ட குடுத்துடுக்கா" என்று யார் கேட்டாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சம்பளமும், வீட்டுக்கு அனுப்புவதும்

"சம்பளத்தை நாங்களே சேர்த்து வைத்து, ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறோம்" என்று முதலாளி வீட்டில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடைசியில் தகராறு வந்தால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. மாதாமாதம் கேட்டு வாங்கி, தேதி, தொகை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தராவிட்டால் அந்த நோட்டோடு இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

உண்டியல் வழியாக அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. ஏன் என்பதும் நமக்குத் தெரியும். வங்கிக்குப் போக விடுமுறை கிடைக்காது, உண்டியல்காரர் வீட்டு வாசலிலேயே பணம் தருகிறார். ஆனால் 2000-ஆம் ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது குற்றம். பணம் வந்து சேராவிட்டால் எங்கேயும் புகார் கொடுக்கவும் முடியாது. வங்கியோ, அங்கே உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனமோ வழியாக அனுப்பினால் ரசீது உண்டு. எண்ணைச் சொல்லிப் பணம் எடுக்கும் முறையில், அந்த எண்ணை வாங்க வேண்டியவரைத் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த முறையில் 50,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகத் தருவார்கள். அதற்கு மேல் கணக்கில்தான் வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இரண்டு வருஷம் உழைத்து அனுப்பியும், திரும்பி வரும்போது தன் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். அனுப்பியது எல்லாம் மற்றவர் கணக்குக்குப் போயிருக்கும், செலவாகியும் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே வங்கியில் சொல்லி, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கைத் தன் பெயரில் தொடங்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு, தன் சேமிப்புக்கு ஒரு பங்கு என்று முதல் மாதத்திலிருந்தே பிரியுங்கள். இது குடும்பத்தை நம்பாததால் அல்ல. நாளைக்குக் குடும்பத்துக்கே உதவும்.

திரும்பி வரும்போது

5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டு இருந்தால் சுங்க அதிகாரியிடம் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிருந்து மாற்றிக்கொண்டு போனதில் மீதம் இருந்தால், வந்த 180 நாளுக்குள் திருப்பி மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சில்லறைக் காசை இங்கே பொதுவாக மாற்றித் தர மாட்டார்கள், அங்கேயே செலவு செய்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் வீட்டில் வெளிநாடு போகிறார்கள்? ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா?

2. போகிற உறுப்பினரின் கடன் தவணையை மாதாமாதம் யார் கட்டுவது? தீர்மான நோட்டில் எழுதிவிட்டீர்களா?

3. அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் அவரோடு வங்கிக்குத் துணைக்குப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை எழுதிய பிறகே கூட்டத்தை முடியுங்கள்.