கப்பல் சுற்றிப் போகும் காலத்தில் பட்டறை நடத்துவது எப்படி?

எங்கோ நடக்கும் போர் மும்பை தாராவிக்குள் விலையாகவும் தாமதமாகவும் நுழைகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடைபட்டது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் கப்பல்களைத் தாக்க, ஐரோப்பா போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பயணம் பத்து, பதினான்கு நாள் நீண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் சிறு பட்டறையைச் சாய்ப்பது ஆர்டர் குறைவதைவிட, பணம் வெளியே மாட்டிக்கொள்ளும் நாட்கள் கூடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். தோல் வாங்கிய தேதி, பை தைத்து முடித்த தேதி, சரக்கு கொடுத்த தேதி, பணம் வந்த தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் செலவு என்றால், பணம் 15 நாள் தள்ளிப்போக 90,000 ரூபாய் கூடுதலாகக் கையில் வேண்டும். அதை வட்டிக்கு வாங்கும் நிலை வருவதற்கு முன்பே புது ஆர்டரின் அளவைக் குறையுங்கள், அல்லது தோலுக்கான பணத்தை முன்பணமாகக் கேளுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இன்றே முடியுங்கள். ஆதாரும் பான் கார்டும் வேண்டும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமானவருக்கு அந்த எண்ணும் வேண்டும்; கட்டணம் கிடையாது. நம் பட்டறைகள் பல, ஏற்றுமதியாளருக்குச் சரக்கு கொடுப்பவை. "கப்பல் சுத்திப் போகுது அண்ணாச்சி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற அவர்கள் பதில், பதிவு செய்த பட்டறையிடம் சட்டப்படி செல்லாது. பணம் தர, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. கெடு தாண்டிய பாக்கியை நிதியாண்டு முடிவதற்குள் தராவிட்டால், வாங்கியவர் அந்த ஆண்டு வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதத்தில் அழுத்திக் கேளுங்கள். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால் வழக்கில் சிக்கல் குறையும்.

விலை ஏறுகிறதே என்று மூலப்பொருளைக் குவிக்காதீர்கள். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 அன்று திறந்துவிட்டது. அடுத்த வாரங்களில் விலை சரிந்தது. இடையில் கடன் வாங்கி டின் டின்னாக அடுக்கியவருக்கு நஷ்டமே மிஞ்சியிருக்கும். முறுக்கு சுடும் பெண்கள் இரண்டு வார எண்ணெய் வைத்துக்கொண்டால் போதும். பத்து ரூபாய் பாக்கெட்டில் எடையைக் குறைத்து, புது எடையைப் பாக்கெட்டிலேயே அச்சிடுங்கள். மொத்தமாகக் கிலோ கணக்கில் எடுப்பவருக்கு விலையை ஏற்றுங்கள்.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி 'தானா' எனும் மணிகளாக்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கச்சா எண்ணெய் ஏறும்போது தானாவுக்குக் கிராக்கி வரும், பழைய பிளாஸ்டிக் விலையும் கூடவே ஏறும். எண்ணெய் இறங்கினால் புது பிளாஸ்டிக் மலிந்து, வாங்குபவர் அந்தப் பக்கம் போய்விடுவார். 2022 மார்ச்சில் பீப்பாய் 130 டாலரைத் தாண்டிய எண்ணெய், ஆண்டு முடிவில் 90க்குக் கீழே நின்றது. அதனால் ஏறிய விலையில் மூட்டைகளை வாங்கி அடுக்காதீர்கள். விலை சொல்லும்போதே "மூன்று நாளைக்கு மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

நேரடியாக ஏற்றுமதி செய்பவர்கள் கப்பல் வாடகையை வாங்குபவர் ஏற்கும்படி பேசுங்கள். சாதாரணச் சரக்குக் காப்பீட்டில் போர்ச் சேதம் அடங்காது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பணம் வராமல் போகும் ஆபத்துக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் (இசிஜிசி) பாலிசி இருக்கிறது: வாங்குபவர் நாட்டில் போர் வந்தாலும், பயணம் திருப்பிவிடப்பட்டு கூடுதல் வாடகை கட்ட நேர்ந்தாலும் அதில் ஈடு உண்டு. சரக்கு ஏறிய பிறகு எடுத்துப் பயனில்லை.

காரிகர்களை, அதாவது கைத்தொழிலாளர்களை, கடைசிவரை விடாதீர்கள். வேலை பாதியானால் நான்கு பேரை அனுப்பிவிடாமல் எல்லோருக்கும் வேலையைப் பகிருங்கள், தீபாவளிப் பரிசுக்கான பர்ஸ், டைரி உறை போன்ற உள்ளூர் ஆர்டர்களை எடுங்கள். பீகாருக்கோ உத்தரப் பிரதேசத்துக்கோ ஊர் திரும்பியவர் மறுபடி வர மாதங்கள் ஆகும் என்பதை 2020 ஊரடங்கில் தாராவி முழுக்கப் பார்த்தோம். கூலிக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். தோல் வியாபாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதில் கை வைக்க வேண்டாம்.