கழித்த சமையல் எண்ணெயும் பசுமைக்குடிலும்

இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், காஷ்மீரம் ஆகிய மலைப்பகுதிகளில் பாலிதீன் தாள் வேய்ந்த பசுமைக்குடில்களில் தக்காளியும் குடைமிளகாயும் பயிராகின்றன. பகலில் வெயிலால் குடில் சூடேறுகிறது. இரவிலோ அவ்வெப்பம் தாளின் வழியே விரைவில் வெளியேறுகிறது. இரவு உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே தொடர்ந்து இறங்குமாயின் தக்காளியின் வளர்ச்சி குன்றும். காய் பிடிப்பது குறையும். இக்குறையை நீக்க, உணவகங்களில் பொரித்துக் கழித்த எண்ணெய் எவ்வளவு தூரம் உதவும் என்பது இங்கு ஆராயப்படுகிறது.

எண்ணெயின் தன்மை

ஒரு கிலோ தாவர எண்ணெய் எரிந்தால் சுமார் 9,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. இது காய்ந்த விறகு தருவதைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டது. டீசலைவிடச் சற்றுக் குறைவு. எண்ணெயைப் பன்முறை காய்ச்சுவதால் அதில் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணெய் மீண்டும் வாணலிக்குத் திரும்பாமல் எரிபொருளாவது மக்கள் நலத்துக்கும் உகந்தது.

பக்குவம் செய்தல்

எண்ணெயைப் பீப்பாயில் சில நாட்கள் அசையாமல் வைத்தால் நீரும் உணவுத் துகள்களும் அடியில் தங்கும். மேலுள்ளதை மட்டும் எடுத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். நீர் எஞ்சியுள்ளதா என அறிய, சூடான தகட்டில் ஒரு சொட்டு விடலாம். படபடவென வெடித்தால் நீர் உண்டு. இச்சோதனையைக் கண்ணாடி அணிந்து, எட்டி நின்று செய்ய வேண்டும். தாவர எண்ணெய் டீசலைப் போல் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்புள்ளது. பாமாயில் குளிரில் உறைந்தும் விடும். ஆகவே எரியும் இடத்துக்குச் செல்லுமுன் அதைச் சூடாக்கி இளக்குதல் அவசியம். காற்றின் விசையால் நுண்துளிகளாகச் சிதறி எரியும் எண்ணெயே புகையின்றி எரியும்.

எச்சரிக்கை

அடுப்பு குடிலுக்கு வெளியே இருத்தல் வேண்டும். அதில் நீரைச் சூடாக்கிக் குழாய் மூலம் உள்ளே செலுத்துவதே தக்க முறை. அரைகுறையாக எரியும் எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்ஸைடும் எதிலீனும் வெளிப்படுகின்றன. முன்னது நிறமும் மணமும் அற்றது. மூடிய குடிலில் உறங்கும் காவலாளியின் உயிரைப் பறிக்க வல்லது. பின்னது மிகச் சிறு அளவிலேயே தக்காளி இலைகளைக் கீழ்நோக்கி வளைத்துப் பூக்களை உதிர்க்கும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. மணலால் மூடி அணைக்க வேண்டும்.

கணக்கு

ஒற்றைத் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், மணிக்குச் சுமார் 5 கிலோ கலோரி வெளியேறுகிறது. 200 சதுர மீட்டர் மேற்பரப்புள்ள குடிலை வெளியைவிட 10 டிகிரி மிகுதியாக வைத்திருக்க மணிக்கு 10,000 கிலோ கலோரி தேவை. வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கு பயன்பட்டால் ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 6,000 கிலோ கலோரி தரும். ஆகவே 12 மணி நேர இரவுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வேண்டும்; 60 இரவுகளுக்கு 1,200 லிட்டர். சிறு உணவகம் ஒன்றால் இதனைத் தர இயலாது. பயோடீசல் உற்பத்திக்கும் இதே எண்ணெய் தேவைப்படுகிறது.

இடையே காற்று நிற்குமாறு இரட்டைத் தாள் வேய்ந்தால் தேவை சுமார் 13 லிட்டராகக் குறையும். லடாக்கில் கடுங்குளிரிலும் எரிபொருளின்றிக் கீரை பயிராவதன் காரணமும் இதுவே: அங்கு தெற்கு நோக்கிய குடில்களின் தடித்த மண்சுவர்கள் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடுகின்றன. எனவே முதலில் வெப்ப இழப்பைத் தடுத்தல், பின்னரே எண்ணெய் எரித்தல் என்பதே முறை. கடும் உறைபனி இரவுகளுக்கு மட்டும் இவ்வெண்ணெயை ஒதுக்கினால் கிடைக்கும் சிறு அளவும் ஒரு போகத்தைக் காக்கும்.

மாணவர் செய்து பார்க்க

ஒரே அளவான இரு பெட்டிகளில் ஒன்றை ஒற்றைப் பாலிதீன் தாளாலும், மற்றதை ஒரு விரற்கடை இடைவெளி விட்ட இரட்டைத் தாளாலும் மூடுக. ஒவ்வொன்றிலும் ஒரு வெந்நீர்ப் புட்டியும் வெப்பமானியும் வைத்து, பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை உஷ்ணத்தைக் குறித்து வரைபடம் வரைக. எந்தக் குடிலுக்கு எண்ணெய் குறைவாகத் தேவைப்படும் என்பதை அக்கோடுகளே காட்டும்.