நீரிறைக்கும் குழாயும் மருந்து தெளிகருவியும்: பற்றாசு பிடிக்குமுன் அறிய வேண்டியவை

காலபோக நெல்லை அறுத்துச் சூடடித்து வீடு சேர்த்தபின் கரம்பொன் கமக்காரரின் நினைவெல்லாம் கிணற்றடியிலேயே நிற்கும். மிளகாய், வெங்காயம், கத்தரி ஆகியவற்றுக்கு அதன்பின் மழையை நம்புதல் இயலாது. நீரிறைக்கும் இயந்திரத்தையே நம்பவேண்டும். தீவுப் பகுதியிலோ உவர்க்காற்றும் உவர்நீரும் உலோகப் பொருள்களை ஓயாது அரிக்கின்றன. பயிர் வாடும் வெயிலில் ஒரு குழாய் பிளந்துவிட்டால், பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகருக்குச் சென்று திருத்திவர அரைநாளேனும் கழிந்துவிடும். ஆதலால் வாயுவில் எரியும் சிறிய ஊதுவிளக்கை வாங்கி வைத்துத் தாமே ஒட்டிக்கொள்ள விரும்புவோர் உளர். கடைகளில் இதனைக் ‘காஸ் ரோச்’ என்பர். அது நல்ல முயற்சியே. ஆயினும் எதனை ஒட்டலாம், எதனை ஒட்டலாகாது என்று அறியாமல் விளக்கைப் பற்றவைப்பவர் பொருளையும் இழப்பர். சிலவேளை உயிரையும் இழப்பர்.

கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

பற்றாசு இருவகைப்படும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றாசு ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் உருகிவிடும். 450 பாகைக்கு மேல் உருகுவன வன்பற்றாசு எனப்படும். இரண்டிலும் ஒட்டப்படும் பொருள் உருகுவதில்லை. பற்றாசு மட்டுமே உருகி இடுக்கினுள் ஓடும். வன்பற்றாசு பலம் மிக்கதெனினும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. உழவு இயந்திரங்களிலுள்ள பழைய செம்பு றேடியேற்றரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தகடுகள் மென்பற்றாசினாலேயே பொருத்தப்பட்டவை. ஓரிடத்துக் கசிவை அடைப்பதற்காக அதன்மேல் வன்பற்றாசுக்குரிய வெப்பத்தைப் பாய்ச்சினால் பக்கத்திலுள்ள மூட்டுக்களெல்லாம் கழன்றுவிடும்.

வன்பற்றாசுக் கம்பிகளுள் மலிவானது பித்தளைக் கம்பி. அது 900 பாகையளவில் உருகுவது. இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் ஏற்றது. ஆனால் பித்தளைப் பொருளும் அவ்வெப்பத்தை அடுத்தே உருகுமாகையால், மருந்து தெளிகருவியின் பித்தளைக் குழலை அக்கம்பியால் ஒட்ட முனைவோர் கம்பியோடு குழலையும் உருக்கிவிடுவர். மேலும், காற்றை மட்டும் கலந்தெரியும் சிறு ஊதுவிளக்குத் தடித்த இரும்பை அவ்வளவிற்குச் சூடாக்காது. அத்தகைய வேலையைக் கொல்லுலைக்கு, அல்லது ஒட்சிசனும் அசற்றலீனும் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செம்பும் பொசுபரசும் கலந்த கம்பி செம்போடு செம்பை ஒட்டுவதற்கு மிக நன்று. அதற்கு இளக்கிகூட வேண்டியதில்லை. பித்தளைக்கு அதனைப் பயன்படுத்தினால் இளக்கி வேண்டும். இரும்புக்கு அது முற்றாக ஆகாது. ஒட்டியதுபோலத் தோன்றிப் பின்னர் கண்ணாடிபோல் நொறுங்கும். செம்பு, பித்தளை, இரும்பு மூன்றையும் ஒன்றோடொன்று இணைப்பது வெள்ளி கலந்த கம்பியே. நூற்றுக்கு 55 பங்கு வெள்ளியுள்ள கம்பி 660 பாகைக்குள் உருகிவிடும். விலையைக் கேட்டு மலைக்கவேண்டாம். தெளிகருவியின் குழலுக்கு விரல் நீளத் துண்டொன்று போதும்.

இளக்கியையும் கம்பிக்கேற்ப வாங்கவேண்டும். பொற்கொல்லர் வெண்காரத்தை உரைத்துப் பூசுவதைக் கண்டிருப்பீர்கள். வெண்காரம் 740 பாகையளவில் உருகுவதால் பித்தளைக் கம்பிக்குப் பொருந்தும். தாழ்ந்த வெப்பத்தில் உருகும் வெள்ளிக் கம்பிக்கு அதற்கென விற்கப்படும் பசையே வேண்டும். அப்பசையின் புகை தீயது. மூட்டில் எஞ்சியதை வெந்நீரிற் கழுவி அகற்றாவிடில் உலோகத்தை அரிக்கும்.

கடையில் மறவாது கேட்கவேண்டிய ஒன்றுண்டு: ‘இதிற் கட்மியம் உண்டா?’ பழைய வெள்ளிக் கம்பிகளிற் கட்மியம் சேர்ப்பது வழக்கம். கம்பி எளிதில் ஓடும். கட்மியமோ 767 பாகையிற் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைச் சுவாசித்தவருக்கு அப்பொழுது ஒன்றும் தோன்றாமல், சில மணி நேரத்தின் பின் நெஞ்சடைப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகி மரணமும் நேரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் இத்தகைய கம்பிகளைத் தடைசெய்தது. பெயர்ச்சீட்டில்லாத கட்டிலிருந்து எடுத்துத் தரும் கம்பியை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

ஒட்டும் முறை

கமத்தொழிற் பாடசாலையிற் பயின்ற நாளில் நான் முதன்முதல் ஒட்டிய குழாய் பார்வைக்கு மிக அழகாக இருந்தது. நீரை விட்டவுடன் கழன்று பாத்தியில் விழுந்தது. பூசியிருந்த எண்ணெயைத் துடையாமல் ஒட்டியதே காரணம். மூட்டின் இரு பக்கத்தையும் எமெரிக் கடதாசியால் மினுங்கும்வரை உரைத்து, அதன்பின் கைபடாது வைக்கவேண்டும். இடுக்கு ஒரு கடதாசித் தாளின் தடிப்பளவே இருத்தல் நன்று. அதனிலும் அகன்றால் பற்றாசு உள்ளிழுபடாது. சுவாலையைக் கம்பியின்மீது காட்டாது உலோகத்தின்மீது காட்டுங்கள். வெள்ளிப் பற்றாசுக்குரிய பசை முதலிற் பொங்கும். பின்னர் நீர்போற் தெளியும். அதுவே கம்பியைத் தொடவேண்டிய தருணம். கம்பி உலோகத்தின் வெப்பத்தாலேயே உருகவேண்டும்.

நாகம் பூசிய குழாயாயின், ஒட்டுமிடத்துக்கு இருபுறமும் நாகப் பூச்சை அரத்தால் அராவி நீக்கிவிட்டு, வெளியிடத்தில் காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். வெண்ணிறப் புகையைச் சுவாசித்தால் அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரும்.

சூடு காட்டலாகாதவை

பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இருந்த தாங்கியை ஒருபோதும் ஊதுவிளக்கால் ஒட்டாதீர்கள். ‘வெறுமையாக்கி வெயிலில் வைத்தேன்’ என்பார் உளர். நிறைந்த தாங்கியினும் வெறுமையான தாங்கியே கொடியது. அடியில் ஒட்டிய சில துளிகள் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால் அது வெடிமருந்துக்கு ஒப்பாகும். புதிய தாங்கியின் விலை உங்கள் கைகளின் விலையினுங் குறைவு. டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பீச்சும் உருக்குக் குழாயையும் ஒட்டலாகாது. அதனுள் ஓடும் டீசலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தினும் நூறு மடங்குக்கு மேற்பட்டது. புதியதையே வாங்கிப் பூட்டவேண்டும்.

பூச்சிமருந்துத் தாங்கியை எத்தனைமுறை கழுவினாலும் சூடாக்காதீர்கள்; எஞ்சிய மருந்து நச்சுப் புகையாகும். குழலை ஒட்டவேண்டின் அதனைத் தனியே கழற்றி, இறப்பர் வளையங்களை நீக்கி, சவர்க்கார நீரால் மும்முறை கழுவிய பின்னரே தொடங்குங்கள். கழுவிய நீரைக் கிணற்றருகே ஊற்றவேண்டாம். நமது நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது விரைவிற் கிணற்றுக்குள் இறங்கும்.

வாயுவைக் கையாளுதல்

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளிற் சமையல் வாயு கசிந்து தீயும் வெடிப்பும் நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வாயுவிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாறியமையே முதற்காரணமென அப்பொழுது நியமிக்கப்பட்ட குழு கண்டது. விகிதம் மாறினால் அழுத்தமும் மாறும். இற்றுப்போன இறப்பர்க் குழாய் அதனைத் தாங்காது. அடுப்பின் றெகுலேற்றரும் குழாயும் அடுப்புக்கே உரியன. ஊதுவிளக்குக்கு அதற்கெனச் செய்யப்பட்ட றெகுலேற்றரையும் தடித்த குழாயையும் வாங்குங்கள். எரிவாயுவுக்குரிய பூட்டுக்கள் பெரும்பாலும் இடப்புறமாகத் திருகுவன. வலப்புறம் திருகிப் புரியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பூட்டியபின் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகின்றதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பது பைத்தியக்காரச் செயல்.

இவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து பள்ளத்திலும் கிணற்றுக்குள்ளும் தங்கும். ஆகவே கிணற்றுக்குள் இறங்கி நின்று ஊதுவிளக்கைப் பயன்படுத்தலாகாது. குழாயைக் கழற்றி வெளியே கொண்டு வாருங்கள். சிலிண்டர் எப்பொழுதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். சாய்த்தால் திரவமாகவே வெளிவந்து சுவாலை ஆளுயரம் பாயும்.

நம்மூர் வளவுகளிற் பனையோலை வேலியும் ஓலைக் கொட்டிலும் வைக்கோற்போரும் அடுத்தடுத்து நிற்பன. சோழகம் வீசும் மாதங்களில் ஒரு பொறி போதும். வெறுந்தரையிற் கல்லடுக்கி அதன்மேல் வேலை செய்யுங்கள். இரு வாளி நீரும் ஒரு சாக்கு ஈரமணலும் அருகில் இருக்கட்டும். முடிந்ததும் முதலிற் சிலிண்டரைப் பூட்டிக் குழாயிலுள்ள வாயு எரிந்து தீர்ந்தபின் விளக்கின் திருகைப் பூட்டவேண்டும். அதன்பின் அரைமணி நேரம் அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள்.

தீச்சுட்டால் தேங்காயெண்ணெயோ பற்பசையோ பூசற்க. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்து, சுத்தமான துணியால் இலேசாக மூடி, ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் அல்லது காயம் பெரிதானால் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்; எந்தக் கம்பியை உருக்கினீர்கள் என்பதை மறவாது மருத்துவரிடம் கூறுங்கள்.