ஆஸ்திரியப் பொருளியல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஆஸ்திரியப் பொருளியல் என்பது ஆஸ்திரிய அரசின் பொருளாதாரக் கொள்கை.

உண்மை: 1871-இல் வியன்னாவில் கார்ல் மெங்கர் வெளியிட்ட நூலிலிருந்து கிளைத்த சிந்தனை மரபு இது. ஒரு பொருளின் மதிப்பு அதில் செலவான உழைப்பில் உறைந்திருப்பதில்லை, அதை நாடுவோரின் தேவையிலேயே பிறக்கிறது என்பது மெங்கரின் அடிப்படைக் கருத்து. ஆய்வு முறை குறித்து அவரோடு மோதிய ஜெர்மானிய வரலாற்றுப் பள்ளியினர் ஏளனமாகச் சூட்டிய பெயரே நிலைத்துவிட்டது.

நம்பிக்கை: மனிதரின் சோம்பலாலும் சுயநலத்தாலுமே பொதுவுடைமைத் திட்டமிடல் தோற்கும் என்பதே இம்மரபின் வாதம்.

உண்மை: எதிர்ப்பாளர்கள் மட்டுமன்றி ஆதரவாளர்களும் பரப்பிய பிழை இது. திட்டமிடுவோர் நேர்மையாளர்கள், மக்கள் கடும் உழைப்பாளிகள் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது என்றே லுட்விக் ஃபான் மீசஸ் 1920-இல் எழுதினார். எந்திரங்களும் மூலப்பொருள்களும் முற்றிலும் அரசுடைமையானால் அவற்றை வாங்குவோரும் விற்போரும் இரார், விலையும் உருவாகாது, அந்நிலையில் ஒரு பாலத்தை எஃகால் கட்டுவது சிக்கனமா, கான்கிரீட்டால் கட்டுவதா என்று கணக்கிட அளவுகோலே இல்லாமற்போகும். ஃபிரெட்ரிக் ஹயெக் 1945-இல் இதை மேலும் விரித்தார்: எங்கோ ஒரு வெள்ளீயச் சுரங்கம் மூடப்பட்டாலும், புதிதாக ஒரு பயன்பாடு தோன்றினாலும், காரணம் அறியாதவர்கள்கூட விலையேற்றத்தைக் கண்டே அந்த உலோகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள், பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை விலை இவ்வாறு கடத்துகிறது. திட்டக்குழுவே விலைகளை அறிவித்து, மிகையும் பற்றாக்குறையும் கண்டு திருத்திக்கொள்ளலாம் என மறுத்த சோசலிசப் பொருளியலாளர் ஆஸ்கர் லாங்கே, சிக்கலைச் சுட்டிக்காட்டியதற்காகத் திட்டக்குழுவின் மண்டபத்தில் மீசசுக்குச் சிலை வைக்கவேண்டும் என்று பாதி விளையாட்டாக எழுதினார். விவாதத்தின் தரத்துக்கு அதுவே சான்று.

நம்பிக்கை: தடையற்ற சந்தையை ஆதரிப்போர் அரசே கூடாது என்பவர்கள்.

உண்மை: அரசை முற்றாக மறுப்போர் இம்மரபில் உண்டு, முர்ரே ராத்பார்ட் அவர்களுள் முதன்மையானவர். ஆனால் ஹயெக், 1944-இல் வெளிவந்த 'அடிமைத்தனத்துக்கான பாதை' நூலில், வேலை நேர வரம்பையும் அனைவருக்கும் குறைந்தபட்ச உணவு, உடை, உறைவிட உறுதியையும் சந்தைப் போட்டிக்கு முரணாகக் கருதவில்லை. மெங்கரின் வழிவந்த ஓய்கன் ஃபான் பேம்-பாவெர்க் மும்முறை நிதியமைச்சராக இருந்தவர். வருவாய் கூடக்கூட விகிதமும் கூடும் வருமான வரியை ஆஸ்திரியாவில் கொண்டுவந்த 1896-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அவருக்குப் பெரும்பங்குண்டு. பணம் அச்சிடும் ஏகபோகத்தை அரசிடமிருந்து பறிக்கவேண்டும் என்று 1976-இல் ஹயெக் வாதிட்டார். சில ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஆஸ்திரியாவின் 100 ஷில்லிங் தாளில் பேம்-பாவெர்க்கின் முகம் அச்சிடப்பட்டிருந்தது.